உறைமண்ணில் டீசல் விருந்து: கேள்வி – பதில்

போன இதழில் ஆர்க்டிக் மண்ணில் டீசல் தின்னும் பாக்டீரியாவைப் பற்றி நாலு வரி எழுதினேன். பதிலுக்கு ஒரு மூட்டைக் கடிதம். இந்த இதழ் முழுக்க அதற்கே. சினிமா கேள்வி கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

பாக்டீரியா நிஜமாகவே டீசல் குடிக்குமா, சார்? — லாரி உரிமையாளர், நாமக்கல்

உங்கள் லாரி குடிக்கிற அதே டீசல்தான். லாரி அழுத்திச் சூடேற்றி எரிக்கிறது. பாக்டீரியா ஐந்து டிகிரி குளிரில், புகையில்லாமல், நொதியை வைத்து எரிக்கிறது. கடைசியில் இரண்டிலும் மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும். மைலேஜ் ஒப்பிடாதீர்கள்: பாக்டீரியா தின்றதில் ஒரு பங்கை உடம்பாக்கி இரண்டாகிவிடும். உங்கள் லாரி குட்டி போடாது.

பெட்ரோலியத்தைத் தோண்டி எடுத்தே நூற்றைம்பது வருஷம் சொச்சம்தான். அதற்குள் எப்படிக் கற்றுக்கொண்டது? — ஒரு வாசகர், தஞ்சாவூர்

1859-ல் பென்சில்வேனியாவில் டிரேக் கிணறு தோண்டியதிலிருந்து கணக்குப் போடுகிறீர்கள். கடலடிப் பிளவுகளில் எண்ணெய் கோடிக்கணக்கான வருஷமாகக் கசிகிறது. கடலில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசிகளே ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கு மேல் ஹைட்ரோகார்பன் செய்து தள்ளுகின்றன என்று 2015-ல் ஒரு மதிப்பீடு வந்தது.

மண்ணிலும் அப்படியே. முட்டைக்கோஸ் இலைமேல் தண்ணீர் ஒட்டாமல் உருள்கிறதே, அந்த மெழுகில் 29 கரியணு கோத்த ஆல்கேன் இருக்கிறது. டீசலுக்குப் பெரியப்பா முறை. பாக்டீரியா இலைச்சருகிலேயே பாடம் படித்துவிட்டது. புதிதாக வந்தது பீப்பாய் மட்டும்.

ஆளே இல்லாத துருவத்தில் யார் சார் எண்ணெய் கொட்டியது? — இல்லத்தரசி, சேலம்

மனிதன் போன இடமெல்லாம் ஜெனரேட்டர் போனது, அம்மா. ஜெனரேட்டர் போன இடமெல்லாம் டீசல் சிந்தியது. 1989 ஜனவரியில் அர்ஜென்டினாவின் ‘பாஹியா பராய்சோ’ கப்பல் அண்டார்டிகாவின் பால்மர் நிலையத்தருகே தரைதட்டி, சுமார் 6 லட்சம் லிட்டர் எரிபொருளை விட்டது. அதே ஆண்டு மார்ச்சில் அலாஸ்காவில் ‘எக்ஸான் வால்டெஸ்’, சுமார் 4 கோடி லிட்டர். 1994-ல் ரஷ்யாவின் உசின்ஸ்க் பக்கம் ஓட்டைக் குழாய். 2006-ல் அலாஸ்காவின் புருடோ விரிகுடாவில் அரித்த குழாய், பனிக்கு அடியில் 8 லட்சம் லிட்டருக்கு மேல்.

ஆளில்லை என்றுதான் கண்டுபிடிக்கத் தாமதம்.

நோரில்ஸ்க் விபத்தில் தப்பு யார் மேல்? — வழக்கறிஞர், மதுரை

2020 மே 29. சைபீரியாவின் நோரில்ஸ்க் நகரருகே டீசல் தொட்டியின் தூண்கள் மண்ணுக்குள் அமிழ்ந்தன. ஏறக்குறைய 21,000 டன் டீசல். பெரும்பகுதி ஆற்றில், அம்பார்னயா ஆறு செந்நிறமாக ஓடியதை விண்கோள் படம் எடுத்தது. சுமார் 6,000 டன் மண்ணில். உறைமண் இளகிவிட்டது என்றது தொட்டிக்குச் சொந்தக்கார நிறுவனம். கட்டுமானமும் பராமரிப்பும் சரியில்லை என்றது அரசு விசாரணை. நீதிமன்றம் போட்ட தொகை 14,600 கோடி ரூபிள்.

மண்ணுக்கு வக்காலத்து போட யாரும் வரவில்லை என்பது என் வருத்தம்.

குளிர்நாட்டில் எண்ணெய் ஏன் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கிறது? — பள்ளி ஆசிரியை, மன்னார்குடி

எல்லோரும் பாக்டீரியாவைத்தான் சோம்பேறி என்கிறார்கள், டீச்சர். அநியாயம். குளிரில் எண்ணெயே கெட்டிப்பட்டு மண்ணிடுக்கில் ஒண்டிக்கொள்கிறது. நம்மூர் வெயிலில் சீக்கிரமே பறந்துவிடும் பென்சீன், டொலுவீன் வகையறா அங்கே தங்கிவிடுகிறது. தின்ன வருகிற கிருமிக்கே விஷம். தண்ணீர் பனிக்கட்டியாகிவிட்டால் பக்கத்தில் இருக்கிற சாப்பாடும் வாய்க்கு எட்டாது. உறைமண் பிரதேசத்தில் மண் நன்றாக இளகிக் கிடப்பது கோடையின் சில வாரங்கள், அதுவும் மேலடுக்கில். இதற்கு மேல் தழைச்சத்துப் பஞ்சம், மணிச்சத்துப் பஞ்சம்.

எக்ஸான் வால்டெஸ் எண்ணெய், இருபது வருஷம் கழித்தும் கரைக் கற்களைப் புரட்டினால் கையில் பிசுக்காக ஒட்டியது. காற்றும் சத்தும் அவ்வளவு ஆழத்துக்கு இறங்கவில்லை. பசி இருந்தது, பரிமாற ஆளில்லை.

எனக்கு ஊட்டியிலேயே பல் கிட்டுகிறது. பூஜ்யம் டிகிரியில் அது எப்படி உயிரோடு இருக்கிறது? — ஒரு வாசகி, ராமநாதபுரம்

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஓடும். இரண்டிலும் இருப்பது கொழுப்பமிலச் சங்கிலிதான். நல்லெண்ணெயின் சங்கிலியில் அங்கங்கே இரட்டைப் பிணைப்பு. அந்த இடத்தில் சங்கிலி வளையும். வளைந்தவை நெருங்கி அடுக்க முடியாது, ஆகவே உறையாது.

குளிர் பாக்டீரியா தன் சவ்வை நல்லெண்ணெய் வழியில் கட்டிக்கொள்கிறது. இரட்டைப் பிணைப்பு போடும் டீசாச்சுரேஸ் நொதியின் மரபணு அதன் ஜீனோமில், அதாவது மொத்த மரபணுத் தொகுப்பில், இருக்கிறது. இது தவிர, பனிப் படிகத்தைப் பிடித்து வளரவிடாமல் நிறுத்தும் புரதம் சிலவற்றிடம் உண்டு. செல்லுக்குள் தண்ணீர் உறையாமல் காக்க டிரெஹலோஸ் சர்க்கரை உண்டு. சுவெட்டர்தான் இல்லை.

குளிரில் நொதி மரத்துப்போகாதா? — பி.எஸ்சி. மாணவி, கோவை

சூட்டு ஊர் நொதி மரத்துப்போகும். குளிர் ஊர் நொதி தளர்வாகக் கட்டப்பட்டது. புரதத்தை விறைப்பாக்கும் புரோலின், ஆர்ஜினின் பல இடங்களில் குறைவு. உள்ளே இறுக்கிப் பிடிக்கும் உப்புப் பாலங்களும் குறைவு. அதனால் பூஜ்யத்திலும் அசையும். வெயில் கொஞ்சம் ஏறினால் குலைந்துவிடும். பரீட்சையில் வந்தால், நெகிழ்ச்சிக்கு விலை உறுதி என்று எழுதம்மா. அதற்குமேல் எழுதினால் கூடுதல் தாள் செலவு.

உங்களுக்குத் தெரிந்து அதிகபட்சக் குளிரில் வாழும் பாக்டீரியா எது? — அதே கோவை மாணவியின் தோழி

‘பிளானோகாக்கஸ் ஹாலோகிரையோஃபிலஸ்’. கனடாவின் வடகோடி உறைமண்ணில் கிடைத்தது. உப்புநீரில், மைனஸ் 15 டிகிரியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு தடவை பிரிய சுமார் 50 நாள். மைனஸ் 25-லும் மூச்சு இருப்பதை 2013-ல் அறிவித்தார்கள். எண்ணெய் தின்பதற்காகப் பேர் வாங்கியதல்ல, சகிப்புத்தன்மைக்காகப் பேர் வாங்கியது. தோழியிடம் சொல்.

ஜீனோமைப் படித்து என்ன ஆகப்போகிறது? எண்ணெய் குறைகிறதா என்று அளந்தால் போதாதா? — ஓய்வுபெற்ற பொறியாளர், நெய்வேலி

குறைந்தால் போதும், ஐயா. குறையாவிட்டால்? தின்ன ஆளில்லையா, ஆளிருந்தும் சத்தில்லையா, சத்திருந்தும் காற்றில்லையா? மேலேயிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே கறுப்பு மண். உள்ளே இருப்பவர் யார், அவரால் எதைத் தின்ன முடியும், எது கிடைக்காமல் தவிக்கிறார் என்பதை டி.என்.ஏ. சொல்லும்.

ஓர் உதாரணம். ‘ஆல்கனிவோராக்ஸ் போர்குமென்சிஸ்’ என்று வடகடலில் பிடித்த கிருமி. எண்ணெயைக் கொடுத்தால் கொழிக்கும், குளுக்கோஸைக் கொடுத்தால் தொடாது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. 2006-ல் அதன் ஜீனோமின் 31 லட்சம் எழுத்துகளையும் படித்தார்கள். சர்க்கரையை உள்ளே இழுக்கும் ஏற்பாடே அதனிடம் இல்லை. எண்ணெயை உடைக்கவோ பல வழிகள். இத்தனை வைராக்கியமுள்ள சர்க்கரை நோயாளியை நான் பார்த்ததில்லை.

ஒரு டீசல் மூலக்கூறை அது எப்படிக் கடிக்கிறது? ஸ்லோமோஷனில் சொல்லுங்கள். — ஒளிப்பதிவு உதவியாளர், சென்னை

ஹெக்ஸாடெக்கேனை எடுத்துக்கொள்வோம். பதினாறு கரியணு வரிசையாக, சுற்றிலும் ஹைட்ரஜன். தண்ணீரில் கரையாது, எந்தப் பக்கமும் பிடி கொடுக்காது. பாக்டீரியா முதலில் எண்ணெயைச் சின்னத் துளிகளாக்கும் ஒரு பொருளைச் சுரக்கிறது. துளிமேல் போய் ஒட்டிக்கொள்கிறது. மூலக்கூறு சவ்வுக்குள் வழுக்கி நுழைகிறது.

அங்கே காத்திருக்கிறது ‘ஆல்க்-பி’ மரபணு செய்த நொதி. நடுவே இரண்டு இரும்பணுக்கள். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்து, அதில் ஓரணுவைச் சங்கிலியின் கடைசிக் கரியில் செருகுகிறது. இன்னொன்றைத் தண்ணீராக்கி விட்டுவிடுகிறது. எண்ணெய் இப்போது ஆல்கஹால். அடுத்த நொதி அதை ஆல்டிஹைடாக்கும், அதற்கடுத்தது கொழுப்பமிலமாக்கும். அப்புறம் இரண்டிரண்டு கரியாகக் கத்தரிப்பு. நெய் சாப்பிட்டால் உங்கள் உடம்பு செய்வதும் அதே கத்தரிப்புதான்.

கஷ்டமெல்லாம் முதல் கடியில். கட் சொல்லலாம்.

மண்ணிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது எப்படி? — பிளஸ் டூ மாணவர், விருதுநகர்

கால் கிராம் மண் போதும், தம்பி. சுண்டுவிரல் அளவு குழாயில் போட்டு, கூடவே பொடி மணிகளும் ஒரு கரைசலும் சேர்த்து, குலுக்கும் எந்திரத்தில் மாட்டுவார்கள். மணிகள் படபடவென்று மோதிக் கிருமியின் சுவரை உடைக்கும். வேகமாகச் சுழற்றினால் மண் அடியில், சாறு மேலே. சாறு பழுப்பாக இருக்கும். மட்கிலிருந்து வந்த ஹ்யூமிக் அமிலம் அது. அதை விட்டுவைத்தால் அடுத்த கட்டத்து நொதிகள் எல்லாம் படுத்துவிடும். ஆகவே கழுவு, மறுபடி கழுவு. சிலிக்கா வடிகட்டியில் டி.என்.ஏ. ஒட்டிக்கொள்ளும், கடைசியில் அதை இறக்கினால் சில சொட்டு.

பார்த்தால் வெறும் தண்ணீர். அதற்குள் ஒரு நிலத்தின் ஜனத்தொகை.

ஒவ்வொரு பாக்டீரியாவையும் தனித்தனியாக வளர்த்துப் படிக்கிறார்களா?

முடிந்தால் செய்ய மாட்டார்களா? மண் கிருமிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஆய்வகத் தட்டில் வளராது என்பது பழைய கணக்கு. 1998-ல் ஜோ ஹேண்டல்ஸ்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட்டாளிகளும் ‘மெட்டாஜீனோம்’ என்ற யோசனைக்குப் பெயர் வைத்தார்கள். மண்ணிலுள்ள மொத்த டி.என்.ஏ.வையும் ஒரே குவியலாகப் படித்துவிடு; எந்தத் துண்டு யாருடையது என்று கம்ப்யூட்டர் பிரிக்கட்டும். தட்டில் வளர மறுத்த மகாராஜாக்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொண்டார்கள்.

துருவ மண்ணில் இதை நிஜமாகச் செய்து பார்த்த இடம் உண்டா? — ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

உண்டு. கனடாவின் அலெர்ட். 82 டிகிரி வடக்கு. அங்கிருந்து வட துருவம் சுமார் 800 கிலோமீட்டர்தான். ராணுவத்தினரும் வானிலைக்காரர்களும் இருக்கிற நிலையம். ஜூலையிலும் சராசரி மூன்று, நான்கு டிகிரி. டீசல் கலந்த மண்ணைத் தெற்கே ஏற்றி அனுப்புவது கட்டுப்படியாகாத காரியம். ஆகவே அங்கேயே தோண்டிக் குவித்து, உரம் போட்டு, காற்று போகும்படி வைத்தார்கள். அந்தக் குவியலிலிருந்து மூன்று கட்டங்களில் மண் எடுத்து மெட்டாஜீனோம் படித்தார்கள்: தோண்டிய கையோடு, ஒரு மாதம் கழித்து, ஒரு வருஷம் கழித்து. 2012-ல் முடிவு வெளியானது.

தொடக்கத்திலும் முதல் மாதத்திலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் ராஜ்யம். எண்ணெய் வேகமாகக் குறைந்ததும் அப்போதுதான். ஒரு வருஷத்தில் டீசல் ஏறக்குறையத் தீர்ந்ததும் சூடோமோனாஸ் இறங்கிவிட்டது; எண்ணெய் உடைக்கும் மரபணுக்கள் வேறு கூட்டத்தார் கையில் இருந்தன. பந்தி முடிந்ததும் எழுந்து போகிற நாகரிகம் பாக்டீரியாவுக்கு உண்டு.

எனக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடிக்கும். ‘மண் சுத்தமாகிவிட்டது’ என்று முடித்துக்கொள்ளாமல், யார் சுத்தம் செய்தார்கள் என்று பெயர் விசாரித்திருக்கிறார்கள். துப்புரவு செய்தவரின் பெயரைக் கேட்கும் பழக்கம் மனிதர் விஷயத்திலும் வர வேண்டும்.

மரபணு இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தமா? — முனைவர் பட்ட மாணவர், காரைக்குடி

இல்லை. மரபணு இருப்பது தகுதி. அதிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுத்திருந்தால்தான் நொதி செய்யும் வேலை தொடங்கியது என்று பொருள். அலெர்ட் குழு அதையும் அளந்தது. சூடோமோனாஸும் ரோடோகாக்கஸும் எண்ணெய் உடைக்கும் மரபணுக்களை இயக்கிக்கொண்டிருந்தன. பட்டத்தையும் வேலையையும் ஒன்றென்று நம்புகிறவர்கள் கல்யாணத் தரகர்கள் மட்டுமே.

இந்த மரபணுவை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கொடுக்குமாமே?

கொடுக்கும். ‘ஆல்க்-பி’ முதலில் நன்றாக ஆராயப்பட்டதே சூடோமோனாஸின் ஒரு பிளாஸ்மிடில்தான். குரோமோசோமுக்கு வெளியே தனியாகச் சுற்றும் டி.என்.ஏ. வளையம் அது. பக்கத்து செல்லுக்குக் கைமாறும். நாம் சொத்தைப் பிள்ளைக்குத்தான் எழுதிவைப்போம். பாக்டீரியா எதிர்வீட்டுக்காரனுக்கும் எழுதும். பத்திரப் பதிவுக் கட்டணம் கிடையாது.

எண்ணெய் தின்னும் பாக்டீரியாவைச் செய்தவர் இந்தியராமே? — போட்டித் தேர்வு மாணவர், திண்டுக்கல்

ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. மேற்கு வங்கத்தின் சைந்தியாவில் 1938-ல் பிறந்தவர். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்தபோது, எண்ணெயின் வெவ்வேறு கூறுகளை உடைக்கும் பிளாஸ்மிடுகளை ஒரே சூடோமோனாஸுக்குள் சேர்த்து, 1972-ல் காப்புரிமை கேட்டார். உயிருக்குக் காப்புரிமையா என்று வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980 ஜூன் 16-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஜெயித்தார்.

தேர்வில் வராத பகுதி இது: அந்த பாக்டீரியா எந்த எண்ணெய்க் கசிவிலும் இறக்கிவிடப்படவே இல்லை. சட்டப் புத்தகத்தைத்தான் சுத்தம் செய்தது.

ஆன்லைனில் ‘எண்ணெய் தின்னும் பாக்டீரியா பவுடர்’ விற்கிறார்கள். வாங்கலாமா? — மெக்கானிக் ஷெட் உரிமையாளர், ஈரோடு

அவசரப்படாதீர்கள். எக்ஸான் வால்டெஸ் கரைகளில் வெளியிலிருந்து வாங்கிய பாக்டீரியாவைத் தூவிப் பார்த்தார்கள். தெளிவான ஆதாயம் தெரியவில்லை. உரம் போட்ட கரைகளிலோ உள்ளூர்க் கிருமியே வேகம் பிடித்தது. எண்ணெய் விழுந்த மண்ணில் அதைத் தின்னத் தெரிந்தவர் அனேகமாக முன்பே குடியிருக்கிறார். வெளியூர்க்காரர் வந்து அந்த மண்ணின் சூட்டுக்கும் உப்புக்கும் பழகுவதற்குள் இவர் பாதி வேலையை முடித்துவிடுவார்.

பவுடர் வாங்குமுன் மண்ணைச் சோதியுங்கள். அதற்கும் முன், ஷெட்டில் ஒழுகும் ஆயிலுக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

உரம்தான் மருந்து என்றால், யூரியா மூட்டையைக் கொட்டிவிடலாமே?

கூடாது. துருவ மண்ணில் தண்ணீர் கொஞ்சம். உரம் மிகுந்தால் அந்தத் தண்ணீர் உப்புக் கரைசலாகி, கிருமியின் உடம்பு நீரை வெளியே உறிஞ்சிவிடும். ஊட்டிவிடுவது வேறு, ஊறுகாய் போடுவது வேறு.

அண்டார்டிகாவுக்குத் திறமையான பாக்டீரியாவை அனுப்பி வைத்தால் என்ன?

சட்டம் விடாது. 1991-ல் கையெழுத்தாகி 1998-ல் அமலுக்கு வந்த மாட்ரிட் நெறிமுறை, அந்தக் கண்டத்துக்குச் சொந்தமில்லாத உயிரினத்தை அனுமதியின்றி இறக்கத் தடை போட்டிருக்கிறது. ஆகவே ஆஸ்திரேலியாவின் கேசி நிலையத்தில் டீசல் மண்ணைக் குவித்து, சத்தும் காற்றும் கொடுத்து உள்ளூர்ப் பாக்டீரியாவையே வேலை வாங்கினார்கள். நியூசிலாந்தின் ஸ்காட் தள மண்ணிலும் எண்ணெய் தின்னும் ரோடோகாக்கஸ், சூடோமோனாஸ், ஸ்பிங்கோமோனாஸ் கிடைத்தன. மண்ணின் மைந்தர்களுக்கே முன்னுரிமை என்பதை ஓட்டு கேட்காமல் நிறைவேற்றிய ஒரே கண்டம் அது.

குளிர் பாக்டீரியாவின் மரபணு வேறு எதற்காவது பயன்பட்டதா? — மருந்துக் கம்பெனி ஊழியர், ஓசூர்

‘ஓலிஸ்பைரா அண்டார்டிகா’ என்று ராஸ் கடலோரத்து எண்ணெய்த் தீனி ஒன்று. 2 முதல் 4 டிகிரியில்தான் அதற்குச் சுகம். புரதங்களைச் சரியாக மடித்துவிடும் துணைப்புரதம் இரண்டு அதனிடம் இருக்கிறது. அவற்றின் மரபணுவை எடுத்து நம் குடல்வாசி ஈ.கோலைக்குள் வைத்தார்கள். ஏழெட்டு டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சியை நிறுத்திவிடும் ஈ.கோலை, 4 டிகிரியிலும் வளர்ந்தது. 2003-ல் வந்த செய்தி. சூட்டில் கெட்டுப்போகும் புரதங்களைக் குளிரில் செய்ய இப்போது அந்த ஈ.கோலை குப்பியில் விற்பனைக்குக் கிடைக்கிறது. ஓலிஸ்பைராவின் முழு ஜீனோம் படிக்கப்பட்டது 2013-ல். அதாவது சம்பாதிக்கத் தொடங்கிப் பத்து வருஷம் கழித்துத்தான் அதன் ஜாதகமே பார்த்தார்கள்.

பாக்டீரியாவுக்கு விஞ்ஞானி பெயர் வைப்பது கௌரவமா, கேவலமா? — ஒரு வாசகி, புதுச்சேரி

கௌரவம்தான். ஆர்க்டிக் கடலடி வண்டலில் கிடைத்த ‘கோல்வெல்லியா சைக்ரெரித்ரேயா’, குளிர்விரும்பிகளில் முதன்முதலாக ஜீனோம் படிக்கப்பட்டவற்றில் ஒன்று, 2005-ல் வெளியானது. ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளரின் பெயர் அந்தக் குலத்துக்கு.

வங்கதேசக் கிராமங்களில் பழைய பருத்திப் புடவையை நாலைந்து மடிப்பாக மடித்துக் குடிநீரை வடிகட்டச் சொல்லி, காலராவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டியவர் அவர். அந்த முடிவு வந்தது 2003-ல். பெயரைத் தகுதியான இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். எல்லாப் பேருந்து நிலையத்துக்கும் இப்படிச் சொல்ல முடியாது.

குளிர் பாக்டீரியாவுக்கு வெப்பநாட்டில் என்ன வேலை?

மேலே வெப்பம், கீழே குளிர். 2010 ஏப்ரல் 20-ல் மெக்சிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ வெடித்து 11 பேர் இறந்தார்கள். எண்ணெய் 87 நாள் பீறிட்டது. கடலுக்கடியில் சுமார் 1,100 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் மேகம் போல் பரவியது. அங்கே சூடு ஐந்து டிகிரி. அந்தக் கும்மிருட்டில், ஓலிஸ்பைராவின் உறவுக்காரக் கூட்டம் ஒன்று மற்ற எல்லோரையும் ஓரங்கட்டிப் பெருகியிருந்தது. ஒற்றைச் செல்லை மட்டும் பிரித்து ஜீனோம் படித்தபோது, ஆல்கேன் உடைக்கும் மரபணுக்களோடு, உணவிருக்கும் திசையை மோப்பம் பிடித்து நீந்திப் போகும் மரபணுக்களும் இருந்தன.

மீட்புக் குழுக்கள் மேலே தேடிக்கொண்டிருந்தபோது அவை கீழே போய்ச் சேர்ந்திருந்தன.

பாக்டீரியா எண்ணெயை முழுசாகத் தின்று தீர்த்துவிடுமா? — ஒப்பந்ததாரர், கரூர்

நேர்ச்சங்கிலி ஆல்கேன் முதல் பந்தி. கிளை விட்டவையும் சின்ன வளையங்களும் அடுத்து. நாலைந்து வளையம் ஒட்டிய பெரிய அரோமாட்டிக்குகளுக்கு மாதம், வருஷம். ஆஸ்பால்ட்டீன் என்கிற தார்க் கூறு கடைசிவரை இலையிலேயே கிடக்கும். நீங்கள் போட்ட தார் ரோட்டை பாக்டீரியா தின்னவில்லை. குழிக்கு வேறு காரணம் சொல்லுங்கள்.

அப்படியானால் பெட்ரோல் பங்க் தொட்டியையும் காலி செய்துவிடுமோ? — பங்க் மேலாளர், கிருஷ்ணகிரி

சுத்தமான டீசலில் முடியாது. தண்ணீர் வேண்டும், தழைச்சத்து வேண்டும். ஆனால் தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கவிட்டால், டீசலும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் கொழகொழவென்று ஒரு படலம் கட்டி ஃபில்டரை அடைக்கும். அது கிருமிப் படலமேதான். தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். டீசல் குறைவதற்கு பாக்டீரியாவைக் காரணம் காட்டிக் கணக்கு எழுத வேண்டாம்.

எங்கள் எண்ணூருக்கு அந்தக் குளிர் பாக்டீரியா வந்தால் கழிமுகம் சுத்தமாகுமா, ஐயா? — மீனவக் குடும்பத்துப் பெண், எண்ணூர்

தாயே, ஓலிஸ்பைரா உங்கள் கழிமுக வெதுவெதுப்பில் தாங்காது. உங்கள் சேற்றில் சூடு விரும்பும் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. சிக்கல் வேறு. அலையாத்திச் சேற்றில் ஒரு விரற்கடைக்குக் கீழே ஆக்சிஜன் இல்லை. ஆல்க்-பி நொதிக்கு ஆக்சிஜன் இல்லாமல் முதல் கடியே கிடையாது. காற்றில்லாமல் எண்ணெய் உடைக்கும் கிருமிகளும் உண்டு, ஆனால் படுநிதானம். ஆகவே சேற்றுக்குள் இறங்குமுன் அள்ளுவதுதான் முதல் வைத்தியம்.

2017 ஜனவரி 28-ல் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் சிந்தியபோது வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோது மீனவர்களே படகில் போய் அள்ளினார்கள். இத்தனை தொழிற்சாலை சூழ்ந்த ஊரில் அள்ளும் கருவி தயாராக நிற்க வேண்டும், கையுறையும் முகமூடியும் முதல் மணி நேரத்தில் வந்து சேர வேண்டும். இந்தப் பதிலில் எனக்கு வேடிக்கை வரவில்லை, அம்மா.

உலகம் சூடாகிறது. துருவத்து பாக்டீரியா இன்னும் வேகமாகத் தின்னுமே, நல்லதுதானே? — ஒரு நம்பிக்கைவாதி, திருப்பூர்

கோடை நீண்டால் தின்னும் நாளும் நீளும், உண்மை. அதே இளகலில் தொட்டி அமிழும், குழாய் வளையும். அலாஸ்காவின் 1,288 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாயில் பாதிக்கு மேல் தரைக்கு மேலே தூக்கி நிறுத்தியிருப்பது அழகுக்காக அல்ல. சூடான எண்ணெய் உறைமண்ணை இளக்கிவிடும் என்ற பயத்தால். மேலும், மண் இளகினால் பாக்டீரியா டீசலை மட்டும் தின்னாது. ஆயிரக்கணக்கான வருஷமாக உறைந்து கிடக்கும் சருகையும் தின்று கரியமில வாயுவாக விடும். உங்கள் நம்பிக்கையைக் குளிர்ந்த இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்? — பிளஸ் டூ மாணவி, தேனி

நுண்ணுயிரியல் அல்லது உயிர்வேதியியல் ஒரு கையில், கம்ப்யூட்டர் நிரல் இன்னொரு கையில். ஜீனோம் படிப்பதில் பாதி வேலை சோதனைக் குழாயில், மீதிப் பாதி திரையில். கோவாவிலுள்ள தேசிய துருவ, கடல் ஆய்வு மையம் அண்டார்டிகாவுக்கு ஆள் அனுப்புகிறது. மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள் நமக்கு அங்கே. ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையம் அண்டார்டிக் பாக்டீரியாவைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த இடம். வீட்டில் ‘அவ்வளவு தூரமா’ என்பார்கள். தேனியிலிருந்து எல்லாமே தூரம்தான், கிளம்பு மகளே.

கடைசியாக ஒரு பயம். அந்தக் கிருமி நம்மைத் தொற்றிக்கொண்டால்? — பெயர் வெளியிட விரும்பாதவர்

எண்ணெய் தின்னிகளில் ஒருவரைப் பற்றி மட்டும் எச்சரிக்கை: சூடோமோனாஸ் ஏருஜினோசா. ஆல்கேனும் தின்னும், ஆஸ்பத்திரியில் புண்ணையும் பிடிக்கும். அதனால்தான் மண்ணில் இறக்குமுன் யார் எவர் என்று ஜீனோம் பார்த்துவிடுகிறார்கள். அசல் குளிர்விரும்பிகளைப் பொறுத்தவரை நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் உடம்பு 37 டிகிரி. ஓலிஸ்பைரா உள்ளே வந்தால் காய்ச்சல் வருவது அதற்குத்தான்.